அவிழ்த்துக் கட்டும் ஓடம்

கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. நம் கரையிலோ அது கட்டப்பட்ட மரம், அவ்வளவே. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து மணலில் காயவைப்பார்கள். மறுபடியும் கட்டிக்கொண்டு கடலேறுவார்கள். சங்க இலக்கியத்தில் அம்பி, பஃறி, திமில், தோணி ஆகியவற்றோடு புணை என்றொரு சொல்லும் வருகிறது. பிணைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். அவிழ்த்துச் சுமந்து மீண்டும் கட்டும் கலம் இந்தக் கரைக்குப் புதியதன்று.

ஐரோப்பாவில் இதே எண்ணம் வேறு வடிவில் பிறந்தது. 1905-இல் மியூனிக் நகரத்து மாணவர் ஆல்ஃபிரட் ஹோய்ரிக், மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய மடிப்புப் படகொன்றைச் செய்து ஈசார் ஆற்றில் செலுத்தினார். இரண்டாண்டுகளில் அதன் உரிமையை ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோகான் கிளெப்பர் வாங்கித் தொழிலாக்கினார். வாகனம் இல்லாத எளிய மக்கள் பையைத் தோளில் மாட்டி, ரயிலேறி, ஆற்றங்கரை நிலையத்தில் இறங்கினார்கள். மடிப்புப் படகு ரயிலின் பிள்ளை என்றே சொல்லலாம். 1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் இப்படியொரு படகில் ஏறிய ஆஸ்கர் ஸ்பெக், இலங்கையைக் கடந்து நம் சோழமண்டலக் கரையோரமாகவும் துடுப்புப் போட்டு, 1939-இல் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். அதற்குள் உலகப்போர் மூண்டுவிட்டதால் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சிறைமுகாம்!

எங்கள் படகுக்கு அத்தகைய வீரகாதை ஏதுமில்லை. கும்மிடிப்பூண்டியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியர்கள் இருவர் நாங்கள். ஒருவர் தமிழ், மற்றவர் இயற்பியல். இருவரிடமும் கார் இல்லை. ஒரு பையில் அலுமினியக் குழாய்ச் சட்டம். இன்னொன்றில் மேல்தோலும் துடுப்புகளும் மிதவைச் சட்டைகளும். ஞாயிறு அதிகாலைப் புறநகர் ரயிலில், மீன்கூடைகள் ஏறும் விற்பனையாளர் பெட்டியே எங்களுக்கு வசதி. சிப்காட் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வரும் வேலைநாள் காலையில் இந்தப் பைகளோடு ஏறுவது பிறருக்குச் செய்யும் அநியாயம். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் கடந்து அத்திப்பட்டுப் புதுநகரில் இறங்கினால், கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி எட்டும் தொலைவில் இருக்கிறது.

படகைக் கட்ட அரைமணி நேரம் ஆகும். ஓதம் ஏறும் வேளையில், முகத்துவாரத்துக்கு எதிர்த்திசையில் செல்வதே எங்கள் வழக்கம். வற்றும் நீர் சிறு படகைக் கடலுக்கே இழுத்துவிடும். வெயில் ஏறிக் கடற்காற்று வலுக்குமுன் கரையேறிவிட வேண்டும். வீடு திரும்பியதும் குழாய்களையும் தோலையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தாவிட்டால், உப்பும் மணலும் மூட்டுகளைப் பூட்டிவிடும்.

அருகில் இருந்தும் பழவேற்காட்டுக்கு மட்டும் படகை எடுத்துச் செல்வதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த ஏரி பறவைகள் சரணாலயமும்கூட. பூநாரைகளைக் கரையில் நின்று பார்த்தால் போதும்.

எண்ணூர்க் கழியில் முதல்முறை துடுப்புப் போட்டபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "சார், அந்தப் பக்கம் போவாதீங்க. இன்னிக்கு அது வேற ஆளோட பாடு."

பாடு என்பது முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமை. பழவேற்காட்டு மீனவரிடையே இந்த முறை ஆய்வாளர்கள் பலர் எழுதுமளவுக்குப் புகழ்பெற்றது. எந்த நீர்ப்பரப்பில் யார் என்றைக்கு வலை போடலாம் என்பதை ஊரே கூடி வகுத்துக்கொள்ளும். உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான். பரந்து கிடக்கும் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாதது என்று வெளியூர்க் கண்ணுக்குத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத வரப்புகள் அதில் இருக்கின்றன. "எந்தப் பக்கம் போகலாம், ஐயா?" என்று கேட்டுவிட்டே அன்று முதல் படகை இறக்குகிறோம்.

படகில் அமர்ந்தால் கண் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும். ரயில் சன்னலிலிருந்து பார்க்கையில் அழகிய நீலமாகத் தெரிவது, இங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு. ஒரு காலத்தில் தோணி போன இடங்கள் இன்று முழங்கால் ஆழம் என்கிறார் அந்த முதியவர். எங்கள் துடுப்பும் அதையே சொல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே இந்தக் கழியெங்கும் பரவியது. அலையாத்திச் செடிகளின் அடியில் கறுப்பு வளையம் படிந்தது. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அந்த எண்ணெய் உடம்பின்மேல் ஏறிய செய்தி. எங்களுக்கு நாளிதழில் வந்த செய்தி.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் படகோட்டுவது எங்களுக்கு இயலவில்லை. இயற்பியல் நண்பர் துடுப்புத் தண்டில் அளவுக்கோடுகள் வரைந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் ஆழம் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். அறிவியல் ஆய்வு என்று அதைச் சொல்ல மாட்டோம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் "ஆறு தூர்ந்துபோச்சு" என்று மீனவர் சொல்லும்போது, அருகில் வைத்துப் பார்க்க ஒரு நோட்டாவது இருக்கட்டுமே.

மடிப்புப் படகு வாங்க எண்ணும் நண்பர்களுக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது கொஞ்சமே: மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். கரையில் உள்ளவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். முடிந்தால் கூடவே ஒரு நோட்டும் கொண்டுபோங்கள்.