ஷார்ட் டெம்பர்

"நமக்குக் கொஞ்சம் ஷார்ட் டெம்பர் பாஸ்"னு பெருமையா சொல்லிக்கிற ஆளு ரூமுக்கு ஒருத்தராவது இருப்பார். ஏதோ பட்டம் வாங்கின மாதிரி சொல்வார் :-) டெம்பர்னா கோபம்தானேன்னு கேட்டா, இப்போ ஆமாம். ஆனா பழைய அர்த்தம் அதுக்கு நேர் எதிர்.

நான் உலோகவியல் படிக்கிறது ஷெஃபீல்டுல. 1740கள்ல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில எஃகு காய்ச்சின ஊர். 1913ல ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகு செஞ்ச ஊர். இங்க லேப்ல டெம்பர்னா நல்ல வார்த்தை. பழுக்கக் காய்ச்சின எஃகைச் சட்டுனு எண்ணெயிலயோ தண்ணியிலயோ முக்கினா பயங்கரமா இறுகும். ஆனா கீழே விழுந்தா கண்ணாடி மாதிரி உடையும். அதனால மறுபடி மிதமா சூடு காட்டணும். கத்திக்கு 200 டிகிரி செல்சியஸ் சுமார், ஸ்பிரிங்குக்கு 400க்கு மேல. கடினம் கொஞ்சம் குறையும், அடி தாங்கும். இதுதான் டெம்பரிங்.

மூலச்சொல் லத்தீன்ல டெம்பராரே. சரியான அளவுல கலக்கிறது, மட்டுப்படுத்துறதுன்னு பொருள். பழைய ஐரோப்பிய வைத்தியத்துல ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம்னு நாலும் அளவா கலந்திருந்தா மனுஷன் நிதானமா இருப்பான். அந்த நிதானத்துக்குப் பேர்தான் டெம்பர். 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்'னா நிதானத்தைத் தொலைச்சான்னு அர்த்தம். ஆனா தொலைச்சவங்களைப் பத்தியே பேசிப் பேசி, கடைசியில வார்த்தைக்கே கோபம்னு பேர் ஒட்டிக்கிச்சு. 'ஹி ஹாஸ் எ டெம்பர்'னா இன்னிக்கு அவன் கோபக்காரன்.

நம்ம ஊர்லயும் ஒரு வார்த்தை இப்படித் தடம் மாறியிருக்கு. தொல்காப்பியத்துல எட்டு மெய்ப்பாட்டுல ஒண்ணு வெகுளி. குறள்ல 31ஆம் அதிகாரம் வெகுளாமை. ரெண்டு இடத்துலயும் வெகுளின்னா கோபம். இன்னிக்கு "அவ ஒரு வெகுளி"ன்னா சூது வாது தெரியாதவ!

ஆனா எனக்கு உறைச்சது வேற. தமிழ்ல கோபம் 'வரும்'. மழை வர்ற மாதிரி, விருந்தாளி வர்ற மாதிரி. "அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு"ன்னு அம்மா சொன்னா, நாங்க புஸ்தகத்தைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவோம். தட்டு பறக்கும். அப்புறம் "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்"னு அம்மாவே சமாதானம் சொல்வாங்க. யார் மேலயும் தப்பில்லை. வந்துச்சு, போச்சு. தட்டைப் பொறுக்கினது மட்டும் எப்பவும் அம்மா.

இங்கிலீஷ்காரன் வாக்கியத்துல தொலைச்சவன்னு ஒருத்தன் இருக்கான். கையில இருந்ததை அவன்தான் விட்டான். மழை மேல பழி போட முடியாது.

போன வாரம் போன்ல தம்பி, "எனக்கும் அப்பா மாதிரியே ஷார்ட் டெம்பர்டா"ன்னான். குரல்ல ஒரு பெருமை. அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். "அப்படின்னா உன்கிட்ட ஏதோ ஜாஸ்தின்னு அர்த்தம் இல்லடா, ஏதோ பத்தலைன்னு அர்த்தம்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஆனா போனை மட்டும் வைக்கல.

உங்க வீட்டுல கோபம் 'வருமா', இல்லை யாராவது நிதானத்தைத் 'தொலைப்பாங்களா'? சொல்லுங்க மக்கா.