மாத்திரை போட்டா மார்க் வருமா?

நமக்கு ஊர் கே.ஜி.கண்டிகை. திருத்தணி பக்கம்னு சொன்னாத்தான் பல பேருக்குப் புரியும். பரீட்சை வந்தா எங்க பக்கம் செய்யறது ரெண்டே ரெண்டுதான். மலையேறி முருகன்கிட்ட பேனாவை வெச்சு எடுக்கறது, வீட்ல வல்லாரைக்கீரை துவையல். 365 படி ஏறி இறங்கினா ராத்திரி தூக்கமாவது நல்லா வரும் :-) இப்போ மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு மக்களே.

நீட்டுக்கு ரெண்டாவது தடவை படிக்கிற சித்தி பையன், போன தடவை நான் ஊருக்குப் போனப்போ மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "அண்ணா, மோடாஃபினில் வாங்கித் தர்றியா? தூக்கமே வராதாம், கோச்சிங்ல பசங்க சொல்றாங்க"ன்னான். அண்ணன் பொட்டி தட்டுறவன், எல்லாம் ஆன்லைன்ல வாங்கிடுவான்னு நெனப்பு. எனக்குத் திட்ட மனசு வரல. சித்தி செயினை அடகு வெச்சுத்தான் ஃபீஸ் கட்டியிருக்காங்க. அது அவனுக்கும் தெரியும். பயலுக்குத் தூக்கத்தை விட அந்தச் செயின்தான் பெரிய பிரச்சினை.

வாங்கித் தர மாட்டேன்னு மட்டும் சொன்னா வேற யார்கிட்டயாவது கேட்பான். அதனால ஒரு ஆராய்ச்சியைப் பத்திச் சொன்னேன். 2023-ல சயின்ஸ் அட்வான்சஸ் இதழ்ல மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்காரங்க எழுதினது. ஆரோக்கியமான 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், மோடாஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன், சும்மா வெத்து மாத்திரைன்னு ஒவ்வொரு தடவை ஒண்ணு கொடுத்து, நாப்சாக் கணக்கு போடச் சொல்லியிருக்காங்க. (கம்ப்யூட்டர் படிச்சவங்க இப்ப ஒரு பெருமூச்சு விட்டிருப்பீங்க. மத்தவங்களுக்கு: ஒரு பை, இவ்ளோ எடைதான் தாங்கும். எந்தெந்தப் பொருளை உள்ள போட்டா மொத்த மதிப்பு அதிகமாகும்? பார்க்க சுலபம், போட்டா தாலி அறுக்கும்.)

மாத்திரை போட்டவங்க ரொம்ப நேரம் உழைச்சாங்க. பொருளை எடுக்கறதும் வைக்கறதுமா நிறைய நகர்த்தினாங்க. ஆனா வெத்து மாத்திரைல கிடைச்ச விடையை விட, பையில சேர்ந்த மதிப்பு குறைவு. இன்னொண்ணு, வெத்து மாத்திரைல சராசரிக்கு மேல இருந்தவங்க பல பேர், நிஜ மாத்திரைல சராசரிக்குக் கீழ போயிட்டாங்க. சிபியு நூறு சதவீதம் ஓடுது, அல்காரிதம் மட்டும் தப்பு. ஆபீஸ்ல இந்த மாதிரி கோடு தினமும் பார்க்கறேன்.

இது புதுசும் இல்ல. 1930-கள்லயே அமெரிக்க காலேஜ் பசங்க பென்செட்ரின் போட்டுட்டு விடிய விடிய படிச்சிருக்காங்க.

பதட்டத்துக்குப் போடறது இன்னும் மோசம். எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் (காலேஜ் பேர் வேணாம்) செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்ல பெரியவங்களுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலத்தைப் போட்டுட்டு உட்கார்ந்து படிச்சான். நாங்க எல்லாம் நகத்தைக் கடிக்கும்போது அவன் மட்டும் புத்தர் மாதிரி இருந்தான். காலைல ஹால்ல அந்த ரெண்டு யூனிட்டும் சுத்தமா ஞாபகத்துல இல்ல. அந்த வகை மாத்திரை புதுசா ஞாபகம் பதியறதையே கெடுக்கும். ராம்ல இருந்தது டிஸ்க்ல எழுதவே இல்ல, அவ்ளோதான். அல்பிரசோலம் 2014 மார்ச்லேருந்து ஹெச்1 பட்டியல்ல இருக்கு. மெடிக்கல் ஷாப்ல டாக்டர் பேர், நோயாளி பேரெல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். வீட்டு அலமாரிக்கு ஏது ரிஜிஸ்டர்?

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப தூக்கம் வந்தா என்ன பண்றது?"ன்னான். தூங்குடான்னேன். முறைச்சான். பகல்ல படிச்சது மூளையில உக்கார்றதே ராத்திரி தூங்கும்போதுதான்னு சொன்னதுக்கு, "சித்தப்பாவும் அதான் சொல்றாரு, ஆனா அவரு அஞ்சு மணிக்கே எழுப்பிடறாரு"ன்னான். இதுக்கு என்கிட்ட பதில் இல்லாம, செயின் விஷயமா சித்திகிட்ட நானே பேசறேன்னு சொல்லிட்டு இறங்கி வந்தேன்.

டிஸ்கி: ஏடிஹெச்டி இருக்கறவங்களுக்கு இதே மெத்தில்ஃபெனிடேட்டை டாக்டர் பார்த்து எழுதித் தருவார். அவங்க என் பதிவைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. பரீட்சை பயத்துல தூக்கமே வரலைன்னா 104 இல்ல 14416-க்கு ஃபோன் பண்ணலாம். காசு கிடையாது.