பொயின்ற் போய் சென்சர் வந்த கதை

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். செய்தி தேடி அவற்றில் நானும் பயணித்திருக்கிறேன்.

அக்கார்களில் கேம் தண்டு சுழற்றும் டிஸ்ரிபியூற்றரே உரிய சிலிண்டருக்குத் தீப்பொறியை அனுப்பியது. அதன் பொயின்ற் கரிபிடித்தால் தேய்த்துத் துடைக்கலாம். நேரம் பிசகினால் கையாலேயே சற்றுத் திருப்பி வைக்கலாம்.

இன்றைய எஞ்சினில் கணினியே தீப்பொறியை ஏவுகிறது. கிராங் தண்டு இருமுறை சுழல, கேம் தண்டு ஒருமுறை சுழலும். ஆகவே கிராங் தண்டை மட்டும் பார்த்து, மேலேறும் பிஸ்ரன் எரிபொருளை அழுத்துகிறதா, புகையைத் தள்ளுகிறதா என்று கணினியால் அறியமுடியாது. அதைச் சொல்வது கேம் தண்டுச் சென்சர். தண்டோடு சுழலும் பற்கள் கடக்கையில் காந்தப்புலம் மாறி, மின்துடிப்பு எழுகிறது.

அது பழுதானால் தேய்த்துச் சரிசெய்ய இயலாது, மாற்றத்தான் வேண்டும். ஊர்காவற்றுறைக்குப் புதியது தரைவழியே வந்துவிடும். நெடுந்தீவுக்கோ குறிகட்டுவானில் படகேறவேண்டும். உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிக்கும் தீவில், நோயாளிக்காக நிற்கும் வாகனத்துக்கு அக்காத்திருப்பு சிறிதன்று. ஊருக்கு வாகனம் வாங்கிக் கொடுக்கும் புலம்பெயர் உறவுகளே, உதிரிச் சென்சர் ஒன்றையும், கோளாறைப் படிக்கும் கருவியையும் சேர்த்தே கொடுங்கள்.