லில்லி பெல் ரிட்டர்ன்ஸ்!

ஒரு ரயில் பெட்டி ரிட்டயர் ஆகுது. அடுத்த வருஷமே புதுப் பெயர், புது டிரெஸ், புது கெத்தோட அதே தண்டவாளத்துக்குத் திரும்பி வருது. அதில் ஏறிய முதல் வி.ஐ.பி. யார் தெரியுமா? ஜப்பான் சக்கரவர்த்தி!

சினிமாக் கதை இல்லைங்க. 1975-ல் நிஜமா நடந்தது. இடம்: அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், அனஹைம் நகரத்து டிஸ்னிலேண்ட்.

டிஸ்னிலேண்ட்னதும் உங்களுக்கு மிக்கி மவுஸ், கோட்டை, ரோலர் கோஸ்டர் எல்லாம் ஞாபகம் வரும். ஆனா வாசல்ல உங்களை முதலில் வரவேற்கிறது ஒரு ரயில்வே ஸ்டேஷன். அதுக்குக் கீழே இருக்கிற சுரங்க வழியா நுழைஞ்சுதான் பார்க்குக்குள்ளேயே போக முடியும். 1955 ஜூலை 17-ல் பார்க் திறந்த நாளிலிருந்து இந்த ரயில் இருக்கு. பொம்மை ரயில்னு நினைச்சுடாதீங்க. அசல் நீராவி இன்ஜின், 3 அடி அகல நேரோ கேஜ் பாதை, பார்க்கைச் சுற்றி சுமார் 2 கிலோமீட்டர் ரவுண்டு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 நிமிஷம்.

வாங்க, முதலில் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஏறுங்க. முன்னால நிற்கிற இன்ஜினை நல்லா பாருங்க. மொத்தம் 5 இன்ஜின்கள். 2 இன்ஜின்களை டிஸ்னி கம்பெனியே பார்க்குக்காகத் தயாரிச்சது. மற்ற 3-ம் பால்ட்வின் கம்பெனி எப்பவோ செஞ்சு, வேற வேற இடங்களில் உழைச்சு, பிறகு இங்கே வந்து சேர்ந்த சீனியர்கள். அதில் ஃப்ரெட் கர்லி என்ற இன்ஜின் பிறந்த வருஷம் 1894! கூடுதல் தகவல்: இந்த இன்ஜின்களுக்கு பயோடீசல்தான் சாப்பாடு. அந்த வளாகத்து சமையலறைகளில் பொரிச்சு முடிச்ச எண்ணெயையே எரிபொருளா மாத்துற வேலையும் இங்கே நடந்திருக்கு.

அடுத்தது நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் ஸ்டேஷன். இன்ஜின் தண்ணி குடிக்கிற இடம். அங்கே 'டக் டக்... டக்'னு ஒரு தந்திச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். சும்மா எஃபெக்ட்னு கடந்து போயிடாதீங்க. பார்க் திறந்த அன்னிக்கு வால்ட் டிஸ்னி பேசிய வரவேற்புரையின் வரிகளைத்தான் அந்தக் கருவி பழைய ரயில்வே தந்திக் குறியீட்டில் தட்டிக்கிட்டு இருக்கு. எத்தனையோ பேர் தினமும் அதைத் தாண்டிப் போறாங்க. புரிஞ்சவங்க மட்டும் சிரிச்சுக்கிட்டே போவாங்க!

அதைத் தாண்டினா ஆற்றங்கரை. பார்க்கில் புது ஏரியா கட்டுறதுக்காக 2016 ஜனவரியில் ரயிலை நிறுத்தி, பாதையைக் கொஞ்சம் மாத்தி, 2017 ஜூலை 29-ல் மறுபடி திறந்தாங்க. அப்பதான் ஒரு வரலாற்றுச் சம்பவம் நடந்தது. ரயில் முதல் தடவையா இடது பக்கம் திரும்புச்சு! அதுவரைக்கும் கடிகாரச் சுற்றில் வலது, வலது, வலது மட்டும்தான்.

டூன்டவுன், டுமாரோலேண்ட் ஸ்டேஷன்கள் தாண்டியதும் ஒரு குகை. உள்ளே கிராண்ட் கேன்யன்! அந்தப் பிரம்மாண்டப் பள்ளத்தாக்கை 306 அடி நீளம், 34 அடி உயரமுள்ள ஒரே துணியில் ஓவியமா வரைஞ்சு, முன்னால மான், மலை ஆடு எல்லாம் நிக்க வெச்சிருக்காங்க. 1958-ல் வந்தது. 1966-ல் அதுக்குப் பக்கத்திலேயே டைனோசர் உலகமும் சேர்ந்தது. முடிஞ்சதும் மறுபடி மெயின் ஸ்ட்ரீட். ரவுண்டு ஓவர்.

இப்ப ஒரு கேள்வி. அந்தக் குகைக்குள்ளே ஓவியம் இருக்கிறது ஒரே ஒரு பக்கத்தில். நீங்க ஏறின பெட்டியில் சீட் எல்லாம் நம்ம பஸ் மாதிரி முன்னால பார்த்து இருந்தா? ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் கொண்டாட்டம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்குப் பக்கத்து ஆளோட பிடரிதான் கிராண்ட் கேன்யன்!

நம்ம கதாநாயகியின் பிரச்னையே இதுதான்.

1955-ல் இந்த ரயிலுக்கு அழகழகான 6 மஞ்சள் பெட்டிகள் செஞ்சாங்க. 19-ம் நூற்றாண்டு அமெரிக்கப் பயணிகள் ரயிலின் அச்சு அசல் சின்ன உருவம். அந்த ரயிலுக்குப் பேர் 'ரெட்லா 1'. அது என்ன ரெட்லா? வால்டர் என்ற பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படிங்க... அதேதான்! வால்ட் டிஸ்னியின் சொந்தக் குடும்பக் கம்பெனியின் பேரும் ரெட்லாதான். பார்க் வேற கம்பெனி, ரயில் மட்டும் குடும்பச் சொத்து. 1982 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ரயில் மேல மனுஷனுக்கு அவ்வளவு பொசஸிவ்!

ஆறில் கடைசிப் பெட்டி, பின்பக்கம் நின்னு வேடிக்கை பார்க்கிற மேடையோட இருந்தது. பேர் 'கிராண்ட் கேன்யன்'. எல்லாரும் ஏற ஆசைப்படுற பெட்டி.

ஆனா இந்த 6 அழகிகளுக்கும் ஒரே வியாதி. ஏறவும் இறங்கவும் நேரம் பிடிச்சது. கூட்டம் மொத்தமும் பெட்டியின் முனையில் இருக்கிற வாசலுக்கு வந்து, நடுவில் இருக்கிற ஒடுங்கின நடைபாதை வழியா ஒருத்தர் பின்னால ஒருத்தரா போகணும். குழந்தை, பை, பலூன், தொப்பி சகிதமா!

'இதுல என்ன பெரிய நஷ்டம்? ஒரு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதானே?'னு தோணுதா? சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சுற்றுக்கு 20 நிமிஷம்னா மணிக்கு 3 ட்ரிப். வழியில் 4 ஸ்டேஷன். ஒவ்வொண்ணிலும் ஒரே ஒரு நிமிஷம் லேட்னா சுற்றுக்கு 24 நிமிஷம். மணிக்கு 3 ட்ரிப் இரண்டரையாக் குறைஞ்சிடும். ஆறு பேர்ல ஒருத்தர் பிளாட்ஃபாரத்திலேயே நிற்பார். அது மட்டுமா? வட்டப் பாதையில் முன்னால நிற்கிற ரயில் நகர்ந்தால்தான் பின்னால வர்றது உள்ளே வர முடியும். ஒரு ரயிலின் வாசல், பாதையில் இருக்கிற எல்லா ரயிலையும் மெதுவாக்கிடும்.

இன்ஜினை வேகமா ஓட்டினா தீருமா? தீராது. இது ஹார்ஸ்பவர் சமாச்சாரமே இல்லை. வாசல் சமாச்சாரம். கூட்டமான பஸ்ஸில் இறங்கத் தவிச்சிருக்கிற நமக்கு இதுக்கு டெக்ஸ்ட் புக் தேவையில்லை.

பின்னால வந்த பெட்டிகள் இந்தச் சிக்கலைச் சுலபமாத் தீர்த்தன. பக்கவாட்டில் முழுசாத் திறந்த பெட்டி. பிளாட்ஃபாரத்திலிருந்து நேரா பெஞ்சுக்கு. பல பெட்டிகளில் பெஞ்சையே பார்க் பக்கம் பார்த்துப் போட்டுட்டாங்க. ஓவியமும் டைனோசரும் எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் பெட்டிகளின் கணக்கு முடிஞ்சது. 1974-ல் ரிட்டயர்மென்ட்.

6 பெட்டிகளில் ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சது. கடைசிப் பெட்டி 'கிராண்ட் கேன்யன்'. அதை உள்ளே முழுசாப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. வரிசை சீட் போச்சு. மகோகனி மரப் பலகை, வெல்வெட் திரை, வெல்வெட் நாற்காலி, பூப்போட்ட கம்பளி விரிப்பு, மேலே வண்ணக் கண்ணாடி, சுவரில் டிஸ்னி குடும்பப் படங்கள் எல்லாம் வந்தது. விக்டோரியா காலத்துப் பணக்கார வீட்டு வரவேற்பறைக்குச் சக்கரம் வெச்ச மாதிரி! அலங்காரத்தில் திருமதி லில்லியன் டிஸ்னியின் கை இருந்தது. வால்ட் டிஸ்னி 1966-லேயே இறந்துட்டார். பெட்டிக்கு அந்த அம்மா பேரையே வெச்சாங்க. 'லில்லி பெல்'.

1975 அக்டோபர் 8-ம் தேதி டிஸ்னிலேண்டுக்கு வந்த ஜப்பான் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோதான் அதிகாரபூர்வமான முதல் விருந்தாளி.

இந்தப் பேருக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. டிஸ்னிலேண்ட் வர்றதுக்கு 5 வருஷம் முன்னாடி, 1950-ல், வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு குட்டி ரயில் விட்டார். 'கரோல்வுட் பசிஃபிக்'. ஆள் மேல ஏறி உட்கார்ந்து போகலாம். சுமார் 800 மீட்டர் பாதை. வீட்டுக்காரம்மாவின் பூந்தோட்டம் குறுக்கே வந்ததா... தோட்டத்தைத் தொடாமல் அடியில் சுரங்கம் வெட்டினார்! விளையாட்டுக்கு ஒரு ஒப்பந்தப் பத்திரம் தயார் பண்ணி, பாதை போக அனுமதின்னு மனைவி, மகள்களிடம் கையெழுத்தும் வாங்கினார். அந்தத் தோட்டத்து இன்ஜினுக்கு அவர் வெச்ச பேர்தான் முதல் 'லில்லி பெல்'.

இன்ஜினீயரிங் நண்பர்களே, இங்கே காதைக் கொடுங்க. தோட்டத்து இன்ஜின், நிஜ இன்ஜினில் எட்டில் ஒரு பங்கு. பார்க்குக்கு இன்ஜின் வேணும்னதும் டிஸ்னியின் மெஷின் ஷாப் தலைவர் ரோஜர் ப்ராகி அதே வரைபடத்தைப் பெரிசாக்கி, எட்டில் ஐந்து பங்குக்குக் கொண்டுவந்தார். அதாவது 5 மடங்கு. தோட்டத்துத் தண்டவாள அகலம் ஏழேகால் இன்ச். அதை 5-ஆல் பெருக்குங்க. 36.25. டிஸ்னிலேண்ட் பாதையின் அகலம் 3 அடி, அதாவது 36 இன்ச்! ஒரு ஹாபி, அஞ்சால் பெருக்கினா ஒரு ரயில்வே. நம்ம மினி ப்ராஜெக்டை இனிமேல் கேவலமாப் பார்க்காதீங்க.

சரி, லில்லி பெல்லுக்கு வருவோம். மரப் பெட்டிக்கு வெயிலும் ஈரமும் எமன். பாலிஷ் போகும், பலகை வாய் பிளக்கும், துணி வெளுக்கும். இடையில் சில காலம் ஓடாம ஒதுங்கி நின்னு, சீர் செஞ்சு மறுபடி பாதைக்கு வந்திருக்கு. ஒரு தடவை புதுப்பிச்சோம், முடிஞ்சதுன்னு இதில் கிடையாது. ஓட ஓடத் தேயும். தேயத் தேய யாராவது உட்கார்ந்து தேய்ச்சு, ஒட்டி, வார்னிஷ் அடிச்சுக்கிட்டே இருக்கணும். கண்ணாடிக் கூண்டில் வெச்சா இந்தச் செலவில் பாதி மிச்சம். ஆனா ஓடாத ரயில் பெட்டி வெறும் மர பீரோதானே?

கை தட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 1955-ல் இந்தப் பெட்டியில் யார் வேணும்னாலும் ஏறலாம். டிக்கெட் வாங்கின குட்டிப் பையன் கடைசி மேடையில் நின்னு, தண்டவாளம் பின்னால ஓடி மறையறதைப் பார்த்திருப்பான். 1975-க்குப் பிறகு அது விருந்தினர் பெட்டி. விசேஷ நாட்களில், அழைக்கப்பட்டவர்களுக்கு, சில காலகட்டங்களில் தனிக் கட்டணம் கொடுத்து வழிகாட்டியோட சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு. எல்லாரும் ஏறினதால் லேட்டான பெட்டி, எல்லாரும் ஏற முடியாததால்தான் பிழைச்சது. பத்துப் பதினைஞ்சு பேர் நிதானமா ஏறினா வாசல் சின்னதா இருந்தா என்ன? உயிர் பிழைக்கக் கொடுத்த விலை, அந்தக் குட்டிப் பையன்.

இது நியாயமா? முழுசா நியாயம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா மத்த 5 பெட்டிகளின் கதையையும் கேட்டுட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. 20 வருஷத்துக்கு மேல சும்மா கிடந்து, 1996-ல் ஒரு பழைய இன்ஜினுக்குப் பண்டமாற்றா அவை வெளியே போயின. அந்த இன்ஜினைப் பிறகு இன்னொரு பழைய இன்ஜினுக்குப் பண்டமாற்று பண்ணினாங்க. அப்படி வந்ததுதான் 'வார்ட் கிம்பால்' என்ற பேரில் டிஸ்னிலேண்டின் 5-வது இன்ஜினாச்சு. வெளியே போன பெட்டிகளில் சில, அதே கலிஃபோர்னியாவில் சாண்டா மார்கரீட்டா என்ற பண்ணையில் சீர் செய்யப்பட்டு, அங்கே இருக்கிற நேரோ கேஜ் பாதையில் ஓட ஆரம்பிச்சன. அதே வாசல், அதே நடைபாதை, அதே முன்னால பார்க்கிற சீட். அங்கே பின்னால இடிச்சுக்கிட்டு நிற்கிற அடுத்த ரயில் இல்லை. கியூ இல்லை. ஒரே பக்கம் மட்டும் ஓவியமும் இல்லை, ரெண்டு பக்கமும் நிஜப் புல்வெளி. டிஸ்னிலேண்டில் ஃபெயிலான டிசைன் அங்கே டிஸ்டிங்ஷன்!

பெட்டியில் ஒரு ஆணியும் மாறலை. மாறினது கூட்டம் மட்டும்தான்.

அதனால ஒரு பொருளைப் பார்த்து 'வேஸ்ட், தூக்கிப் போடு'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, 'எந்தக் கூட்டத்துக்கு வேஸ்ட்?'னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. 1974-ல் யாரோ ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டதால் ஒரு பெட்டி அங்கேயே தங்குச்சு. கேட்க 20 வருஷம் ஆனதால் அஞ்சு பெட்டி இருட்டில் கிடந்துச்சு.

என்னிக்காவது அனஹைம் போற வாய்ப்பு வந்தா, ரோலர் கோஸ்டர் கியூவுக்கு ஓடறதுக்கு முன்னாடி மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் 10 நிமிஷம் நில்லுங்க. திறந்த பெட்டி ரயில் வந்து, ஜனங்க மடமடன்னு ஏறி, விசில் அடிச்சுக் கிளம்பற நேரத்தை வாட்ச்சில் பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தா, ஏதாவது ஒரு ரயிலின் வாலில் வெல்வெட் திரை போட்ட பெட்டி ஒண்ணு வரும். உள்ளே ஏற முடியலைன்னாலும் பரவாயில்லை. அந்தக் கடைசி மேடைக்கு ஒரு டாட்டா காட்டிட்டு, அடுத்த ரயிலைப் பிடிங்க.