கோப்பையின் அடியில் ஒரு முகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் துணிப்பையை எடுத்துக்கொண்டு கேகாலைக்குப் புறப்படும்போதெல்லாம் வீட்டார் நகைப்பது வழக்கம். "ஊரெல்லாம் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருகிறது; நீங்களோ பிறர் கழித்த பீங்கானை வாங்கி வருகிறீர்கள்" என்பது இல்லத்தரசியின் வாராந்த முறைப்பாடு. அதில் நியாயம் இல்லாமலில்லை. கைப்பிடி இழந்த கோப்பைகளும் மூடியைப் பிரிந்த சீனிப் பாத்திரங்களும் எமது அலுமாரியிற் குடியேறி, உடுப்புகளுக்கு இடமில்லாமற் செய்துவிட்டன. எனினும், இந்தப் பித்து ஏன் பிடித்தது என்பதைச் சொல்லிவிட்டால் வாசகர்களிடமாவது மன்னிப்புக் கிடைக்கும் என்று நம்புகின்றோம்.

கேகாலை, கொழும்பு–கண்டி வீதியில், இறப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்த நகரம். அண்மையில் உள்ள மொலகொடை மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்றது. வீதியோரம் சட்டிபானைகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பயணிகள் பலர் கண்டிருப்பர். நாம் நாடிச் செல்வது அவற்றையன்று. நகரத்தில் ஒரு சந்துக்குள் பழைய சாமான் கடை ஒன்று உண்டு. ஓடாத சுவர்க்கடிகாரம், கறுத்துப்போன குத்துவிளக்கு, ஊசியில்லாத தையல் இயந்திரம் ஆகியவற்றின் நடுவே தூசி படிந்து கிடக்கும் ஜப்பானியப் பீங்கான்களிலும் பொம்மைகளிலுமே எமக்கு நாட்டம்.

ஜப்பானியப் பொருட்கள் இந்தத் தோட்டப்புறத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே ஜப்பான் மலிவான பீங்கானையும் பொம்மையையும் உலகெங்கும் ஏற்றுமதி செய்து வந்தது. 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிற் குண்டு வீசின. போர் முடிந்த சில ஆண்டுகளில் அதே நாட்டுக் கோப்பைகள் மீண்டும் உலகச் சந்தைக்கு வந்தன. 1951 செப்டெம்பரில் நடைபெற்ற சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் நட்டஈடு கோரமாட்டோம் என்று அறிவித்தார். பகை மறந்த உலகில் அந்நாட்டுத் தேநீர்ச் சாமான்கள் துரைமார் பங்களாக்களிலும் இடம்பிடித்தன.

பின்னர் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் வசமாயின. பங்களாச் சாமான்கள் கைமாறின. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகியிருந்தது. அவ்வாறு கப்பலேறிய குடும்பங்களும் கொண்டுபோக இயலாதவற்றை வந்த விலைக்கு விற்றன. ஆகவே, பழைய சாமான் கடையில் நாம் மலிவென்று மகிழ்ந்து வாங்கும் பொருள், பெரும்பாலும் யாரோ ஒருவர் விட்டுச் செல்ல நேர்ந்த பொருள் என்பதை மறத்தலாகாது.

எமது அப்பாயியிடமும் அத்தகைய கோப்பை ஒன்று இருந்தது. அவர் காலையில் இறப்பர்ப் பால் வெட்டி, மாலையிற் பங்களாச் சமையற்கட்டிற் பாத்திரம் துலக்கியவர். சீமைக்குத் திரும்பிய துரைசானி ஒருவர், சோடி குலைந்த கோப்பை ஒன்றை அவரிடம் கொடுத்துச் சென்றாராம். புகை படிந்தாற்போன்ற கருஞ்சாம்பல் நிறம். அதன்மேற் பறவை நாகம் ஒன்று புடைப்பாக வளைந்து கிடக்கும். சிறுவர்களாகிய நாம் அதனைக் கோயில் யாளி என்றே எண்ணியிருந்தோம்.

அக்கோப்பையின் அற்புதம் அதன் அடியில் இருந்தது. சும்மா பார்த்தால் வெறும் வெள்ளை. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், கொண்டையிட்ட ஜப்பானியப் பெண்ணின் முகம் ஒன்று மெல்லத் தோன்றும். பீங்கான் மெலிந்த இடத்தில் ஒளி மிகுதியாகவும், தடித்த இடத்திற் குறைவாகவும் ஊடுருவுகின்றது. அந்த வேறுபாடே முகமாகத் தெரிகின்றது என்பதைப் பிற்காலத்திற் படித்தறிந்தோம். அன்று எமக்கு அது மாயமே. "தேத்தண்ணிய மிச்சம் வைக்காமக் குடிச்சா அவ கண்ணு முழிப்பா" என்று அப்பாயி சொல்லுவார். நாமும் மிச்சமின்றிக் குடித்தோம். அவள் ஒருநாளும் கண் விழிக்கவில்லை.

1974 ஆம் ஆண்டு. உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்கள் பசியில் வாடிய காலம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது லயத்துக் காம்பராவில் ரொட்டி சுடும் மணம் எழுந்தது. பல நாட்களுக்குப் பின்னர் வயிறார உண்டோம். தேத்தண்ணி தகரப் பேணியில் வந்தது. கோப்பை எங்கே என்று நாம் கேட்கவில்லை; கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்தக் கோப்பையின் சாயலைத் தேடித்தான் எமது ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. தேடும் வழியிற் சில பாடங்களும் கற்றோம். பீங்கானைக் கையில் எடுத்தால் முதலில் அதன் அடியைப் பார்க்கவேண்டும். அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் பயனாக, 1891 முதல் அந்நாட்டுக்குச் சென்ற பொருட்களில் 'நிப்போன்' என்று பொறிக்கப்பட்டது. 1921 க்குப் பின்னர் அது 'ஜப்பான்' என்று மாறியது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருள்படும் ஆங்கில முத்திரை காணப்படின், அது போரின் முடிவுக்கும் 1952 ஏப்ரல் 28 இல் ஜப்பான் மீண்டும் தன்னாட்சி பெற்றதற்கும் இடைப்பட்ட காலத்தது. விரல் மடக்கித் தட்டினால் நல்ல பீங்கான் மணிபோல ஒலிக்கும். கீறல் விழுந்தது மங்கி ஒலிக்கும். பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலால், அவற்றிற் புளிப்பான உணவை வைத்துண்ணாது, கண்ணுக்கு விருந்தாக வைத்துக்கொள்வதே நன்று.

பாடம் கற்கக் கட்டணமும் செலுத்தியுள்ளோம். ஒருமுறை 'நொரிட்டாக்கே' என்ற பெயரைக் கண்டதும், 1904 இல் ஜப்பானின் நகோயாவில் உருவான அந்நிறுவனத்தின் பழம் பொருள் என்று துள்ளி, பேரம் பேசாமலே வாங்கினோம். வீட்டிற் கழுவிப் பார்த்தபோது பெயருக்குக் கீழே 'ஸ்ரீ லங்கா' என்றிருந்தது. நாட்டுக்கு அப்பெயர் வந்ததே 1972 இல். அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் கூட்டுத் தொழிற்சாலை மாத்தளையில் ஏற்பட்டது. அயல் மாவட்டத்துத் தட்டைக் கடல் கடந்து வந்ததென்று கொண்டாடிய எம்மைப் பார்த்து வீட்டார் இன்றளவும் சிரிக்கின்றனர்.

பொம்மைகளைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் வடகிழக்கிற் கைகால் இன்றிக் கடையப்படும் மரப்பொம்மை 'கொக்கேஷி' எனப்படும். அந்நாட்டார் மார்ச் 3 ஆம் நாள் செந்நிறத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி முதலாகப் பொம்மைகளை அடுக்குவர். எமது நவராத்திரிக் கொலுவின் தங்கை என்றே சொல்லலாம். ஆனால், பழைய செலுலாய்டுப் பொம்மையைக் கொலுவில் வைப்போர் விளக்கிலிருந்து அதனைத் தள்ளியே வைத்தல் வேண்டும். அது சட்டென்று தீப்பற்றும் தன்மையது.

இனி, சென்ற மழைக்காலத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நாம் அக்கடையில் நின்றிருந்தபோது, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூதாட்டி ஒருவர் வந்தார். மடியிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்து ஒரு தேநீர்க் கெண்டியையும், ஒரு சிறு தட்டையும், ஒரு கோப்பையையும் வைத்தார். கருஞ்சாம்பல் நிறம், வளைந்து கிடக்கும் நாகம். எமக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.

முதலாளி அடியைத் திருப்பியும் பாராமல், எல்லாவற்றுக்கும் எண்ணூறு ரூபாய் என்றார். அவர் எண்ணூறுக்கு வாங்கினால் எமக்கு ஆயிரத்து இருநூறுக்குத் தருவார் என்று எம்முடைய மனம் கணக்குப் போட்டது. அதனால் வாய் திறவாது நின்றோம். அந்தச் சில கணங்களை நினைக்க இப்பொழுதும் கூசுகின்றது.

"மருந்துக்குப் பத்தாதுங்க முதலாளி, ஆயிரமாக் குடுங்க" என்றார் மூதாட்டி.

அந்தக் குரல் எம்மைத் தைத்தது. 1974 இல் அப்பாயியும் இவ்வாறுதான் ஒரு கடை வாயிலில் நின்றிருப்பார். அருகில் நின்ற யாரோ ஒருவர் விலை அறிந்தும் பேசாதிருந்திருப்பார் அல்லவா?

"ஆத்தா, கொஞ்சம் பொறுங்க" என்று கோப்பையை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தோம். அவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"அடியாத்தே! நாப்பது வருசமா வீட்டுல கெடக்கு. இந்தப் பொம்பளைய நான் பாத்ததே இல்லீங்களே ஐயா!"

அவருடைய முகத்திற் சிறுமிக்குரிய சிரிப்பு ஒன்று தோன்றியது. பொருட்களின் உண்மையான பெறுமதியை எடுத்துரைத்தோம். கேட்டபின் அவர் கோப்பையை மட்டும் துணியிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மத்ததை எடுத்துக்குங்க ஐயா. இவள விக்க மாட்டேன், பேரப்புள்ளைக பாக்கட்டும்."

கெண்டிக்கும் தட்டுக்குமாக நாலாயிரம் ரூபாய் கொடுத்தோம். முதலாளியின் முகம் சுருங்கியது. அவர் சொன்ன விலை அறியாமையால் வந்ததேயன்றி வஞ்சனையால் வந்ததன்று. அவருடைய கடையில் நின்று வியாபாரத்தைக் கெடுத்ததற்காக அவருக்கும் ஐந்நூறு கொடுத்து, பேருந்துக் கட்டணம் மட்டும் மீதியாக வீடு திரும்பினோம். மூக்கு உடைந்த கெண்டியைக் கண்டும் அன்று வீட்டில் எவரும் நகைக்கவில்லை.

அந்தக் கெண்டி எமது அலுமாரியில் இருக்கின்றது. அதற்குரிய கோப்பை இல்லை. அப்பாயி அந்த முகத்தை நன்கறிந்தும், எமது பசிக்காக விற்றார். இம்மூதாட்டி அறியாமல் விற்க வந்து, அறிந்தபின் வைத்துக்கொண்டார். இருவருக்கும் இடையே எமக்குத் தெரிவது ஒன்றே: விற்பவர் அறியாத ஒன்றை வாங்குபவர் அறிந்திருந்தால், விலை பேசுமுன் அதைச் சொல்லிவிடுதல் வேண்டும். அதன் பின்னரும் கிடைப்பதே மலிவு.

எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஏதோ ஒரு லயத்தில், பேரப்பிள்ளைகள் இப்பொழுது மிச்சம் வைக்காமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் கண் விழித்தாளா என்று ஒருநாள் கேட்டறிய வேண்டும்.