பழைய கற்களும் புதிய அழகும்

மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது எந்த வேகத்தில் நிகழவேண்டும் என்பதே வினா. பெரிய அரங்குகளில் விவாதிக்கப்படும் இவ்வினாவை எமது வீட்டு மீன்தொட்டி என் முன் வைத்தது.

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய வேளையில், பாசியேறிய பருக்கைக் கற்களையும் நிறம் மங்கிய பிளாத்திக்குக் கோட்டையையும் ஒரே நாளில் அகற்றிவிட்டுப் புதியன இடவேண்டும் என்றாள் தங்கை. விருந்தினர் வருமுன் தொட்டி பளிச்சிட வேண்டும் என்பது அவள் விருப்பம். நான் உடன்படவில்லை.

அழுக்கெனத் தோன்றும் அக்கற்களிலேதான் தொட்டியின் உயிர்நிலை பெரிதும் தங்கியுள்ளது. மீன்களின் கழிவும் எஞ்சிய இரையும் நீரில் அமோனியாவைத் தோற்றுவிக்கின்றன. அது மீனுக்கு நஞ்சு. கற்களின் மேற்பரப்பிற் குடிகொண்ட பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறு பற்றீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்குகின்றன. இத்தகைய நுண்ணுயிர்களை மண்ணிலிருந்து 1890 அளவில் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் வினோகிராட்ஸ்கி. புதிய தொட்டியொன்றில் இவை நிலைபெறப் பல வாரங்கள் செல்லும். ஆகவே, கற்கள் யாவற்றையும் ஒருங்கே எறிந்தால், தெளிந்த நீரிலேயே மீன்கள் நஞ்சுண்டு மடியக்கூடும்.

மூன்றிலொரு பங்காக, மூன்று வார இடைவெளியில் மாற்றுவதென முடிவாயிற்று. புதிய கற்களைச் சவர்க்காரமின்றிக் கழுவினோம். அந்நாட்களில் வடிகட்டியைத் தொடவில்லை. குளோரீன் கலந்த குழாய்நீர் பற்றீரியாக்களைக் கொல்லுமாதலால், அதனைப் பின்னர் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினோம்.

அலங்காரத்திலும் ஒரு சிக்கல் எழுந்தது. அப்பா இளமையில் வடகரையிற் பொறுக்கிய முருகைக்கல்லையும் சிப்பிகளையும் கோட்டைக்குப் பதிலாக வைக்க விரும்பினார். வினாகிரி சில துளி விட்டதும் அவை நுரைத்தன. அவற்றிலுள்ள கல்சியங் காபனேற்று மெல்லக் கரைந்து நீரை வன்னீராக்கும். எம்மிடம் இருந்தவையோ சிங்களத்தில் லே தித்தெயா எனப்படும் செந்நிறச் சிறுமீன்கள். 1929 இல் தெரணியகல விவரித்த இம்மீனினம் இலங்கைக்கே உரியது. தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் படர்ந்த ஓடைகளில், மென்மையான நீரில் வாழ்வது. முருகைக்கல் கண்ணாடி அலுமாரிக்குச் சென்றது. தொட்டிக்குள் ஓடையோரத்து மரவேரொன்று இடம்பெற்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அவர் முகம் சற்று வாடியதைக் கண்டேன்.

புத்தாண்டன்று வந்தோர் கண்டது பாதி பழையதும் பாதி புதியதுமான தொட்டியை. “வேலை முடியவில்லையோ?” என்று கேட்டார்கள். தங்கைக்கு வெட்கம். மீன்களோ வழமைபோல் இரை தேடின.

மாற்றத்தை விரும்புவோர் பலர் அதன் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே விரும்புகின்றனர். இரண்டுக்கும் நடுவே அழகற்ற காலமொன்று உண்டு. பழையதிலுள்ள உயிர் புதியதிற் குடியேறுவது அக்காலத்திலேதான். அதனைப் பொறுக்க மாட்டாதவர் கையில் எஞ்சுவது அழகிய வெறுந்தொட்டியே.