ஊசி, பேனா, பம்ப்

என் தங்கை மகனுக்கு முதல் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. வருடம் 1994. "குழந்தைக்கா சர்க்கரை?" என்று ஆரம்பாக்கத்தில் கேட்காதவர் இல்லை. நம் வயதில் வரும் சர்க்கரை வேறு, இது வேறு. இதில் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். மாத்திரையால் ஆகாது. ஆயுள் முழுக்க வெளியிலிருந்துதான் போக வேண்டும்.

முதலில் கண்ணாடி ஊசி. தங்கை வீட்டு அடுப்பில் தினமும் அது கொதிக்கும். குளிர்பெட்டி கிடையாது, மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி மண்பானைத் தண்ணீரில் வைப்பாள். பிறகு பிளாஸ்டிக் ஊசி வந்தது. அதில் இரண்டு வகை. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி.

வேலைக்குப் போனதும் பேனாவுக்கு மாறினான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்களும் அதை 'ஸ்தீலோ', அதாவது பேனா என்றுதான் சொல்கிறார்கள். திருகி எண்ணை வைத்து அழுத்தினால் போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்குச் சட்டைப்பையில் வைக்க வசதி.

2012-ல் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பேனா சிக்கிக்கொண்டது. "கொடுடா, நான் போடறேன்" என்றேன். பேனாவின் குழலிலிருந்து வீட்டில் கிடந்த பழைய ஊசியில் 8 கோடு இழுத்துப் போட்டேன். குழலில் இருந்தது 100 யூனிட் மருந்து. ஊசி சிவப்பு மூடி. எட்டுக்குப் பதில் இருபது யூனிட் உள்ளே போய்விட்டது, இரண்டரை மடங்கு. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் பூஜ்யம் தவறாமல் கணக்கு எழுதியவன் நான்.

ஒரு மணி நேரத்தில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் கும்மிடிப்பூண்டிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றிய பின்தான் என்னை அடையாளம் கண்டு "மாமா" என்றான். தங்கை இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

போன மாதம் மருத்துவர் பம்ப் பற்றிச் சொன்னாராம். இடுப்பில் மாட்டும் சின்னக் கருவி. இரவு பகலாகத் துளித்துளியாக இன்சுலின் செலுத்தும், சாப்பாட்டுக்குப் பட்டனை அழுத்த வேண்டும். நைட் ஷிப்டுக்கு ஏற்றபடி அளவை மாற்றலாம். ஆனால் விலை லட்சக்கணக்கில். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை குழாயும் மாற்ற வேண்டும். அதில் போவது வேகமாக வேலை செய்து தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டுமே. குழாய் மடங்கினால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்.

"பேனாவே போதும் மாமா. கையில் ஒட்டுற சென்சார் மட்டும் வாங்கிக்கறேன். ராத்திரி சர்க்கரை இறங்கினா போன் கத்தும்" என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

அவன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் இன்றும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது: "40-க்கு 40, 100-க்கு 100. பேனாக் குழலில் ஊசி போடாதே."